பிணவறையில் கால் மணி நேரம்

ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்தவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘பொறுங்க’. டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு உடல் வந்தாலும், கழுத்தில் இரண்டு விரலை வைத்து, “பொறுங்க” என்பார். கால் மணி நேரம் நகரமாட்டார். “ஒருநாள் தவறுதலா இவரையே உள்ளே வெச்சிடப் போறோம்” என்று ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

காரணம் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணின் உடல் வந்தது. கைகளை வயிற்றின்மேல் சேர்த்து வைத்து, குளிர்பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். மறுநாள் காலையில் திறந்தால், ஒரு கை முகத்தருகே கிடந்தது. டாக்டரிடம் ஓடினார்.

“தள்ளும்போது நழுவியிருக்கும், போய்யா.”

நழுவியும் இருக்கலாம். அந்த ‘லாம்’தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சாயங்காலம் மகள் பாடம் ஒப்பித்தாள். “உயிருள்ளவை அசையும், மூச்சுவிடும், வளரும். உயிரற்றவை தானா அசையாது.”

“அசையாமப் படுத்திருந்தா?”

“ஐயோ அப்பா, மூச்சு இருக்கும்ல!”

“அதுவும் தெரியலைன்னா?”

மகள் பக்கத்தைப் புரட்டினாள். “அது இதுல போடலைப்பா.”

சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார்.

வருஷங்கள் கழித்து, கடுங்குளிர் நாளொன்றில், ஆற்றிலிருந்து எடுத்த பெயின்டர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. பத்தாவது நிமிஷம் விரலுக்கடியில் ஏதோ துடித்தது. தன் நாடிதானோ என்று கையை மாற்றி வைத்தார். ஒன்றுமில்லை. பிறகு, மறுபடியும். அவர் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து டாக்டர்கள் இறங்கி ஓடிவந்தார்கள்.

பெயின்டர் பிழைத்தார். ஒரு மாதம் கழித்து மனைவியோடு வந்து, “உங்களாலதான் இருக்கேன், அண்ணே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் பெயின்டரை மட்டும் தனியே கூட்டிப்போய்க் கேட்டார்:

“தூக்கிட்டு வந்தப்ப நாங்க பேசினது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. கத்தத்தான் பார்த்தேன். குரல் வரலை.”

‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இவர் அத்தனை காலமும் காத்திருந்தார்.

அன்றே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். கிடைக்கவில்லை. கால் மணி அரை மணியாயிற்று.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மத்தியானம் மனைவி கண்ணயர்ந்தால், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“தூங்கத்தான் செய்யறேன், போங்க” என்பாள் அவள், கண்ணைத் திறக்காமலே.