ஆயர் ஹீத்தாம் தாண்டாத அரிசி

மருதமுத்து பயந்த பையன் என்பது மலாக்காவின் காஜா பேராங்கில் எல்லாருக்கும் தெரியும். பின்னால் சைக்கிள் மணி கேட்டால்கூடச் சாலையை விட்டுப் புல்லில் இறங்கி நிற்பான். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நெருங்கிய கூட்டாளிகளைத் தவிர அவன் யாரிடமும் சொல்வதில்லை.

போருக்கு முன்பு அவன் அம்மா அஞ்சலை பிரசவத்துக்காக இந்தியாவுக்குப் போயிருந்தாள். அவன் நாகப்பட்டினத்தில் பிறந்து, நடை பழகும் முன்பே மலாயாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தான். பிறந்த ஊரில் ஒரு தெருவின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஆனால் அடையாள அட்டையில் அந்த ஊர்தான் இருந்தது.

வெள்ளைக்காரன் மலாயாவில் அவசரகாலம் அறிவித்த புதிதில், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்த அவன் தாய்மாமனைப் போலீஸ் பிடித்துப் போனது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார் என்று குற்றம். இங்கே பிறக்காதவர் என்பதால் அவரை நாடு கடத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அன்றிலிருந்து போலீஸ் காக்கியைக் கண்டாலே மருதமுத்து வேறு சந்தில் திரும்பிவிடுவான்.

அப்படிப்பட்டவன் சுதந்திரம் வந்த மறுவருஷம், வார விடுமுறைக்கு இரண்டு கூட்டாளிகளோடு சிங்கப்பூருக்குக் கிளம்பினான். மூவரும் பள்ளியின் கடைசி வகுப்பான சீனியர் கேம்பிரிட்ஜ். திட்டம் போட்டவன் தெங்கேராவிலிருந்து வரும் கருணாகரன்.

"டேய், சிங்கப்பூர் இப்ப வெளிநாடுலா! நமக்கு மெர்டேக்கா கிடைச்சாச்சு, அவங்க இன்னும் வெள்ளைக்காரன் கையில. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க கிட்ட, தாத்தா ஃபாரின் போய்ட்டு வந்தாருன்னு சொல்லிக்கலாம்."

"முதல்ல உனக்குப் பொண்ணு யாரு குடுக்கிறான்னு பாப்போம்" என்றான் சொக்கப்பன். அவன் செட்டியார் வீட்டுப் பையன். அதிகம் பேசமாட்டான், பேசினால் குத்தும்.

ரயிலுக்குக் கட்டுப்படியாகாது, பஸ்ஸில் போவது; மருதமுத்துவின் அக்கா மல்லிகா வீட்டில் தங்குவது; வழிச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்வது. இதுதான் அவர்கள் கணக்கு. மல்லிகாவின் புருஷனுக்குச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை. அவளுக்கு மூன்றாவது பிரசவம் ஆகியிருந்தது. அஞ்சலைக்குக் கால் வீக்கம், பயணம் செய்ய முடியவில்லை. அதனால் பத்தியச் சாமான்களை மகனிடம் கொடுத்து அனுப்பினாள். பூண்டு, சுக்கு, மஞ்சள், நல்லெண்ணெய். கூடவே ஒரு துணிப்பையில் புழுங்கலரிசி.

"அரிசி எதுக்கும்மா? அங்க கிடைக்காதா?"

"பிள்ளை பெத்தவளுக்கு மொதப் பத்தியச் சோறு தாய் வீட்டு அரிசியிலதான் பொங்கணும். பேசாம எடுத்துட்டுப் போ."

அவளும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. மலாக்காவை அரசாங்கம் கம்யூனிஸ்ட் நடமாட்டம் ஓய்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஊரடங்கு இல்லை, சோதனை இல்லை. ஊரின் இந்தக் கோடி செமாபோக்கிலிருந்து அந்தக் கோடி தெங்கேரா வரைக்கும் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்படி வாழ்ந்து பழகியவர்களுக்கு, பக்கத்து ஜோகூரில் பல இடங்கள் இன்னும் அரிசி கொண்டுபோகக் கூடாத கறுப்புப் பகுதிதான் என்பது மறந்தே போயிருந்தது.

மூவாரில் ஆற்றை பஸ்ஸோடு படகில் கடந்தார்கள். பத்து பஹாட்டைத் தாண்டியதும் கருணாகரன் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தான். புளி வாசம் பஸ் முழுவதும் பரவியது. டிக்கெட் கிழிக்கும் நல்லையா ஓடி வந்தார்.

"தம்பிங்களா, எந்த ஊரு?"

"மலாக்காண்ணே."

"அதானே பாத்தேன்! ஆயர் ஹீத்தாமுக்கு முன்னால சோதனை இருக்கு. ஒரு பருக்கை இருந்தாலும் இறக்கிடுவானுங்க. இப்பவே தின்னு முடிங்க. இலையையும் வழிச்சு நக்கிடுங்க."

கருணாகரன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். மருதமுத்து தன் மிச்சச் சோற்றை அவன் பக்கம் நகர்த்தினான். காலடியில் இருந்த பையைக் காலால் உள்ளே தள்ளினான்.

"அண்ணே, பச்சையா அரிசி இருந்தா?"

நல்லையாவின் முகம் மாறியது. "எவ்வளவு?"

மருதமுத்து பையைத் தொட்டுக் காட்டினான்.

"ஐயோ! யாரு உங்களை அனுப்பினது?"

"ஜன்னல் வழியா வீசிடவா?"

"கிறுக்கா உனக்கு? ரோட்டோரம் அரிசி கிடந்தா காட்டுக்காரனுக்குப் போட்டதுன்னுதான் எழுதுவானுங்க. பின்னால வர்ற போலீஸ் லாரி பாத்துச்சுன்னா பஸ்ஸையே பிடிச்சு வச்சுக்குவான்." அவர் விலகி முன்னால் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

தின்ன முடியாது, வீச முடியாது. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. மருதமுத்துவின் கண்ணுக்கு மரங்கள் தெரியவில்லை. கப்பலும், நடுவில் முடிவில்லாத தண்ணீரும், அதற்கப்பால் யாரையும் தெரியாத ஒரு ஊரும் தெரிந்தன. அவன் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதைச் சொக்கப்பன் பார்த்தான். குனிந்து, அரிசித் துணிப்பையை உருவித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான்.

"என்னாடா பண்றே?"

"நான் இங்க பொறந்தவன். என்னை எந்த ஊருக்குடா அனுப்புவான்? காஜா பேராங்குக்கா?"

மருதமுத்து தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

பஸ் நின்றது. முள்கம்பித் தடுப்பு, மணல் மூட்டைகள், துப்பாக்கிகள். எல்லாரும் இறங்கி அவரவர் சாமான்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் சொக்கப்பனின் பெட்டியைத் திறந்து கையை விட்டார்.

"பெராஸ்!"

அரிசி என்று அர்த்தம். வரிசையில் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். பெரிய மீசை வைத்த மலாய் சார்ஜன்ட் நடந்து வந்தார்.

"யாருக்கு?" என்று மலாயில் கேட்டார்.

"என் அக்காவுக்கு. பிள்ளை பெற்றிருக்கிறாள்" என்றான் சொக்கப்பன்.

"ஆணா, பெண்ணா?"

சொக்கப்பன் விழித்தான். அவனுக்கு அக்காவே கிடையாது. மல்லிகாவுக்கு என்ன குழந்தை என்று மருதமுத்துவிடம் அவன் கேட்டதுமில்லை.

"ஆண்... இல்லை, பெண்."

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "இவனை லாரியில் ஏற்று."

இரண்டு பேர் சொக்கப்பனின் தோளைப் பிடித்தார்கள். அவன் திரும்பியே பார்க்கவில்லை. அதுதான் மருதமுத்துவால் தாங்க முடியாமல் போயிற்று. வரிசையை விட்டு முன்னால் வந்தான்.

"என்னுடையது" என்றான் மலாயில். "அரிசி என்னுடையது. அக்கா என்னுடைய அக்கா. பெண் குழந்தை."

சார்ஜன்ட் அவனுடைய அட்டையை வாங்கிப் பார்த்தார். "இந்தியாவில் பிறந்தவனா?"

மருதமுத்து தலையசைத்தான். அந்தத் தலையசைப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

"உன் பையைக் கொட்டு."

பூண்டு உருண்டது. சுக்கு, மஞ்சள், எண்ணெய்ப் புட்டி. சார்ஜன்ட் குனிந்து மஞ்சளை எடுத்து முகர்ந்தார். சுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலாய்ப் பெண்களும் பிரசவமானால் இஞ்சியும் மஞ்சளுமாகப் பத்தியம் இருப்பவர்கள்தான். அவர் முகம் இளகியது என்று சொல்ல முடியாது. ஆனால் குரல் கொஞ்சம் தணிந்தது.

"இதை எடுத்துக்கொள். அரிசி போகாது."

இளம் போலீஸ்காரர் துணிப்பையை அவிழ்த்து அரிசியைத் தகரப் பீப்பாயில் கொட்டினார். அந்தச் சத்தம் நெடுநேரம் கேட்டது போல் இருந்தது. சார்ஜன்ட் மருதமுத்துவின் பெயரையும் அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டு, சொக்கப்பனை விடச் சொன்னார்.

"இன்னொரு தடவை இந்த ரோட்டில் உன் பையில் ஒரு மணி அரிசி இருந்தால், உன் அக்கா வந்து அழுதாலும் கேட்கமாட்டேன். கப்பல்தான்."

பஸ்ஸில் ஏறிய பிறகு கருணாகரனுக்குக்கூடக் கேலி வரவில்லை. சொக்கப்பன் மட்டும், "ஒரு குழந்தை ஆணா பொண்ணான்னு சொல்லி வைக்கமாட்டியாடா?" என்றான். மருதமுத்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

சிங்கப்பூரை அவன் பார்க்கவே இல்லை. மற்ற இருவரும் கேளிக்கைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் போனார்கள். அவன் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் குழந்தையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடந்ததைக் கேட்ட மல்லிகா வெளிறிப் போனாள். மாமன் கப்பலேறியது அவளுக்கும் மறக்கவில்லை.

"பேர எழுதிக்கிட்டானா? தம்பி, நீ திரும்பிப் போவாதடா. இங்கேயே இருந்துடு."

"பரீட்சை இருக்கேக்கா."

"பரீட்சை பெருசா, நீ பெருசா?"

அங்கே தங்கிவிடலாம் என்று நினைத்தபோது வேறொரு பயம் வந்தது. அந்த ஊருக்கும் அவன் யாரோதான். நாகப்பட்டினத்துக்கும் யாரோதான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கேதான் அவனுக்கு உரிமை என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கிளம்பும்போது மல்லிகா அம்மாவுக்கு முறுக்குக்கூடக் கொடுக்கவில்லை. பையை உதறினாள். அவனுடைய சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்து, விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள்.

சோதனைச் சாவடியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு துண்டும் இரண்டு சட்டையும் இருந்த பையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்போதும் அவன் நெஞ்சு அடங்கவில்லை. மலாக்கா எல்லைக்குள் வந்தும் அடங்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நகராட்சி வேலைக்குக் கிளம்பிய அப்பாவை வாசலில் மறித்தான்.

"இன்னிக்கு லீவு போடுங்கப்பா. குடியுரிமைக்குப் பதிய வாங்க. நீங்க பதிஞ்சாதான் எனக்கும் கிடைக்கும்."

அவர் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்: "என்னிக்கு இருந்தாலும் ஊருக்குப் போய்ச் சேரப் போறோம். நமக்கெதுக்குடா அதெல்லாம்?"

"நீங்க போகலாம்பா. என்னை அனுப்பிடாதீங்க."

அதைச் சொல்லும்போது பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற பிள்ளையின் குரல் குழந்தையின் குரல் போல் உடைந்தது. உள்ளேயிருந்து அஞ்சலை எட்டிப் பார்த்தாள். அப்பா நகராட்சிக் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையைக் கேட்டார்.