மஞ்சளா நீலமா

அந்த வருஷம் என் தங்கைக்குத் தலைதீபாவளி. கோலியனூரிலிருந்து தங்கையும் புது மாப்பிள்ளையும் திண்டிவனத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். அதிரச மாவு தயார். ஆனால் ஐப்பசி மழை செங்கல் புகைக்கூண்டு வழியாக இறங்கி நேரே அடுப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"காயற எண்ணெயில ஒரு சொட்டு வுழுந்தா என் மூஞ்சி வெந்துடும். அப்புறம் மாப்பிள்ளைக்கு நீங்கதான் அதிரசம் சுடணும்" என்றாள் என் மனைவி.

கொத்தனாரை அழைத்து வந்தேன். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார். "மூடிக்குக் கீழ பக்க வாய் தொறந்துகினு இருக்குது அண்ணே, மழை வராம என்னா பண்ணும்?" என்று கூண்டின் வாயைக் கடப்பைக்கல்லால் மூடிவிட்டுப் போனார். மாலையில் அடுப்பு மூட்டினோம். புகை முழுக்க வீட்டுக்குள். நாங்கள் தெருவில் நின்று இருமினோம். அதற்குள் மழையும் வந்தது, சொட்டு நிற்கவேயில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் கொத்தனார் கல்லை எடுத்தார். "நல்ல கல்லுதான் அண்ணே" என்று அதற்காகப் பரிந்து வேறு பேசினார்.

"வாயில எறங்குதா, மாடியோட சேர்ற எடத்துல எறங்குதான்னு மொதல்ல பாருங்க" என்றாள் மனைவி. "வாயில மழைச்சாரலாட்டம் மஞ்சத் தண்ணி தெளிங்க. அடியில நீலத் தண்ணி ஊத்துங்க. எது சொட்டுதுன்னு நான் கீழேந்து சொல்றேன்."

"துணிக்குப் போடற நீலமா? பேஜாரு தங்கச்சி" என்றாலும் கொத்தனார் குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

மேலே நான் மஞ்சள், அடியில் அவர் நீலம். "என்னா வருது?" என்று கூண்டுக்குள் கத்தினேன். இன்னும் ஊற்றினோம். ஒருவழியாகக் குரல் வந்தது, ஆண்குரல்.

"நீலம் மச்சான்!"

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் ஆள் வந்ததென்று மனைவி கதவு திறக்கப் போயிருக்கிறாள். வந்த மாப்பிள்ளை, என் சத்தம் கேட்டு அடுப்படிக்குள் வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார். நெற்றி, மீசை, புது வெள்ளைச் சட்டை எல்லாம் நீலம். பின்னால் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தலைதீபாவளி இதோடு போயிற்று என்று நினைத்தபடி தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினேன்.

மாப்பிள்ளை மீசையைத் துடைத்தார். "மஞ்ச ஒரு சொட்டு கூட வர்ல. அடியிலதான் ஓட்டை. ஜல்தியா அடைங்க மச்சான், அதிரசத்துக்குன்னே முந்தின பஸ்ஸுல வந்துட்டேன்."

கொத்தனார் அடிப்பூச்சைக் கொத்தி எடுத்து, கூண்டைச் சுற்றிச் சரிவாக சிமென்ட் பூசி, அந்த ஈரப் பூச்சை உரச்சாக்கால் மூடினார். பொழுது சாயும் நேரம் மழை பிடித்தது. எல்லோரும் அண்ணாந்தே நின்றோம். சொட்டவில்லை. மனைவி சட்டியை வைத்தாள். என் பழைய சட்டையில் உட்கார்ந்து, முதல் அதிரசத்தை மாப்பிள்ளை சுடச்சுடக் கடித்தார்.

கொத்தனாரும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கல்லையும் எதுக்கும் மேல வெச்சுடவா தங்கச்சி?"

மனைவி எண்ணெய்க் கரண்டியோடு திரும்பினாள். அவர் அதிரசத்தோடு தெருவுக்கே போய்விட்டார்.