எலுமிச்சம்பழம் நசுங்கும் முன் பார்த்த கியர் எண்ணெய்

ஆயுத பூஜையன்று காலையில் காரைக் கழுவி, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பூஜை முடிந்து பழத்தை நசுக்கிக்கொண்டுதான் வண்டி கிளம்ப வேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் எஞ்சினை முடுக்க மாட்டோம். எங்களுடையது ஆட்டோ கியர் கார். சும்மா நிற்கும் வண்டிதானே என்று கியர் எண்ணெயின் அளவுக்குச்சியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோடு வரை இருந்தது. நிம்மதியாகப் பொட்டு வைத்தேன்.

பிற்பகலில் பிள்ளைகளோடு, மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து பந்திங் ஊருக்குப் போகும் வழியில், முச்சந்தியின் நட்டநடுவில் கார் இழுக்க மறுத்தது. மிதிக்க மிதிக்க எஞ்சின் அலறியதே தவிர, சக்கரம் நகரவில்லை. பின்னால் வந்த கண்டெய்னர் லோரி கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது.

லோரிக்காரர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பயப்படாதீங்க லா அக்கா. கியர் ஆயில் பாத்தீங்களா?"

"காலையிலதான் பாத்தேன். ஃபுல்லா இருந்துச்சே!"

"எஞ்சின் ஓடுறப்பவா?"

"எப்படித் தம்பி? பழமே ஏத்தலையே!"

சிரித்துவிட்டார். காரை ஓரமாகத் தள்ளி, எஞ்சினை ஓடவிட்டு, குச்சியைத் துடைத்துப் பார்த்தார். நுனியில்கூட ஈரமில்லை.

"நின்ன வண்டியில எண்ணெயெல்லாம் கீழ எறங்கி, நெறைய இருக்கிற மாதிரி காட்டும் அக்கா."

இழுவை வண்டி வரும்வரை, லோரியை எங்களுக்குப் பின்னால் அரணாக நிறுத்தி விளக்கைச் சிமிட்டவிட்டார். பட்டறையில் கசிவை அடைத்து எண்ணெய் நிரப்பினார்கள்.

இப்போதெல்லாம் பழத்தை நசுக்கி, ஒரு சுற்றுப் போய்வந்து, சமதரையில் எஞ்சின் ஓட ஓடத்தான் பார்க்கிறேன். எங்கள் கார் கையேடும் அதைத்தான் சொல்கிறது. நாலு டயருக்கு நாலு பழம் போதும். நான் ஐந்து வாங்குகிறேன். ஐந்தாவது, பெயர்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்ட அந்தத் தம்பியின் லோரிக்கு.