மூன்று மணி வள்ளம்

என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு வைத்தியர் இப்போது தயங்கித் தயங்கிச் சொல்லுவதை, என் மச்சாள் பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு மூச்சுப் போதாது. வைத்தியர் அதற்கு மருந்து எழுதித் தருகிறார். மச்சாள் அதை வைத்துக் கிட்டிப்புள் விளையாடினாள்.

அவள் மாமாவின் மகள். தெற்கில் இருந்த கடையைப் பூட்டிவிட்டு நயினாதீவுக்கு வந்த மாமா, அவளோடு ஆறு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். அந்த ஆறு மாதமும் நான் அவளிடம் தோற்றேன். என்னைவிட ஒரு வயது மூத்தவள், அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைவிட இளையவர்களிடமும் தோற்றுக்கொண்டிருந்தேன் என்பது வேறு விசயம்.

கிட்டிப்புள்ளில் தோற்பது பெரிய பாடில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் பாடு. வென்றவர் சின்னத் தடியான புள்ளைப் பெரிய தடியான கிட்டியால் தட்டி எழுப்பி அடிப்பார். விழுந்த இடத்திலிருந்து தோற்றவர் "கூ..." என்று ஒரே மூச்சில் கூவிக்கொண்டு, ஆட்டம் தொடங்கிய குழிவரை ஓடி வரவேண்டும். இடையில் மூச்சு அறுந்தால், அறுந்த இடத்திலிருந்து இன்னொரு அடி. மற்றப் பிள்ளைகள் இரண்டு அடியில் கணக்கை முடித்துவிடுவார்கள். நான் போய்க்கொண்டே இருப்பேன்.

அன்றைக்கு மாமாவும் அவளும் கொழும்புக்குப் புறப்படுகிற நாள். பெட்டிகள் விடியவே பாலத்தடிக்கு, வள்ளம் கட்டுகிற இடத்துக்கு, போய்விட்டன. மச்சாளைத்தான் காணவில்லை. அம்மா என்னைப் பிடித்தார்.

"தரவையிலதான் நிப்பாள். மூண்டு மணிக்குக் கடைசி வள்ளம். கையோட கூட்டிக்கொண்டு வா. விளையாட நிண்டியெண்டால் முதுகுத்தோல் உரியும், சொல்லிப்போட்டன்."

முதுகுத்தோலில் எனக்கு அக்கறை உண்டு. ஓடினேன். தரவையின் வெட்டவெளியில் கிட்டியும் கையுமாக நின்றாள்.

"வா, வள்ளத்துக்கு நேரமாச்சு."

"ஒரேயொரு ஆட்டம். நீ வெண்டியெண்டால் உடன வாறன்."

நான் வெல்லுவேன் என்று எதை வைத்து நம்பினேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. தோற்றேன். அவள் அடித்தாள். புள் பாலத்தடிக்கு நேர் எதிர்த்திசையில் பறந்தது. கூவினேன், ஓடினேன், அறுந்தது. மறுபடியும் அதே திசை.

"பாலம் அந்தப் பக்கம். ஏன் இஞ்சால அடிக்கிறாய்?"

"காத்து இழுக்குது."

காற்று மற்றப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அவள் புள்ளை நினைத்த பனையில் படும்படி அடிக்கக்கூடியவள் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஏலாதெண்டு சொல்லு, விடுறன்."

"ஆருக்கு ஏலாது? அடி!"

இதைத்தான் சொல்லுவேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத்தான் என்னைப் பற்றித் தெரியவில்லை. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நெருஞ்சி முள்ளுக்குள்ளால் கூவிக்கொண்டு ஓடினேன். ஒருமுறை மூச்சு உண்மையிலேயே நீண்டது. குழி கிட்டத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மாடு கட்ட வந்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

"தம்பி, ஆரையடா கூப்பிடுறாய்?"

"ஒருத்தரையும் இல்லை, ஐயா" என்று மரியாதையாகப் பதில் சொன்னேன். மூச்சு அறுந்தது. அவள் அடித்தாள்.

கடைசியில் மேற்குக் கடற்கரையில் நின்றோம். தூரத்தில் வள்ளத்தின் இயந்திரச் சத்தம். அவள் தலையைச் சாய்த்து, அது தேய்ந்து இல்லாமல் போகும்வரை கேட்டாள். பிறகு கிட்டியை என் கையில் தந்தாள்.

"சரி, விட்டுட்டன். வா, போவம்."

பாலத்தடியில் மாமா பெட்டியின்மேல் இருந்தார். அம்மா நின்றார். அடிக்கத் தடி தேடும் சிரமத்தை அம்மாவுக்கு நான் வைக்கவில்லை. கிட்டியை நானே கொண்டுபோயிருந்தேன்.

"அவள்தான் அம்மா! வேணுமெண்டு அங்கால அங்கால அடிச்சவள்!"

மூன்றாவது அடியில் மாமா அம்மாவின் கையைப் பிடித்தார். "விடு தங்கச்சி. ஒரு நாள்தானே. காலமைக்குப் போவம்."

அம்மா கிட்டியை எறிந்துவிட்டு மச்சாளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடி எனக்கு, மடி அவளுக்கு. இந்த நியாயத்தை யாரிடம் சொல்லி அழுவது? பின்னேரம் அவளுக்காகக் கணவாய்க் கறியும் வந்தது. நான் ஒரு மாதமாகக் கேட்டும் வராத கணவாய்.

மாமாவும் அவளும் கொழும்பில் விமானம் ஏறிக் கனடாவுக்கே போய்விடுகிறார்கள் என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. வெளிநாட்டுப் பயணக் கதையை ஆள் போய்ச் சேரும்வரை வெளியே விடுவதில்லை. என் வாயைப் பற்றி வீட்டாருக்கு நல்ல அபிப்பிராயமும் இல்லை. கொழும்பு என்றார்கள், நம்பினேன்.

அடுத்த நாள் காலமை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிட்டாள்.

"டேய், நான் போறன்."

முதுகு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"போ! அடுத்த லீவுக்கு வந்தாலும் உன்னோட விளையாடவே மாட்டன்!"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆறு மாதத்தில் முதல்தடவையாக அவளை வென்றுவிட்டேன். அந்தச் சந்தோசத்தில் வள்ளம் வெளிக்கிடும்வரைகூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன்.