சத்தம் அடங்கிய ஸ்கூட்டர்

என் கணவர் இறந்த பிறகும் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வண்டியை ஓட்டி வந்தது நான்தான்.

பட்டாபிராமில் எங்கள் வீடு வெள்ளத்துக்குப் பயந்து உயரமாகக் கட்டியது. தெருவிலிருந்து கேட் வரை செங்குத்தான சிமெண்ட் சரிவு. ஸ்கூட்டரை ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். கேட் மூடியிருந்தால் பாதிச் சரிவில் காலை ஊன்றித் திண்டாட வேண்டியதுதான். தெருவில் எல்லா வீடுகளும் இப்படித்தான். அதனால் வீட்டிலிருப்பவர்கள் வண்டிச் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு, முன்கூட்டியே கேட்டைத் திறந்து வைப்பார்கள்.

அவருடைய ஸ்கூட்டரைத் தெரிந்துகொள்ளப் பெரிய காது தேவையில்லை. தெருமுனை திரும்பும்போதே தடதடவென்று ஆடும். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று எதிர்வீட்டு அக்கா கிண்டல் செய்வார். மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. என் மாமனார் மட்டும் அந்தச் சத்தம் கேட்டதும் டிவி செய்தியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். "இன்னா வண்டிடா இது, தெருவே எயுந்து நிக்கிது" என்று திட்டிக்கொண்டே கேட்டைத் திறப்பார். திட்டும்போது முகம் மலர்ந்திருக்கும்.

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே என் கணவர் போய்விட்டார். விடுப்பு முடிந்ததும் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போக எனக்கு வேறு வண்டி இல்லை, அந்த ஸ்கூட்டரையே எடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் தெருமுனை திரும்பினேன். கேட் திறந்தது. மாமா மலர்ந்த முகத்தோடு நின்றார்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். "நீயாம்மா" என்றார்.

மாமாவுக்கு நினைவு ஒன்றும் தப்பவில்லை. மகனின் பெட்டிமேல் முதல் பிடி மண் போட்டவரே அவர்தான். ஆனால் சத்தம் கேட்டால் கால் எழுந்துவிடுகிறது, கை தாழ்ப்பாளை இழுத்துவிடுகிறது. என்னைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்துகொண்டு "வா வா" என்பார். தினமும் இதுதான். அவருடைய மகன் செத்த செய்தியை நானே தினமும் கொண்டுவந்து கொடுப்பதுபோல் இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஒரு மனுஷியை இப்படியா வரவேற்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவேன்.

ஓட்டும்போது எனக்கும் நிம்மதி கிடையாது. ஹாண்டில்பாரில் ஓர் அதிர்வு ஏறி வரும். பின்சீட்டில் உட்கார்ந்து அவர் முதுகில் கன்னத்தை வைத்தால் வருமே, அதே அதிர்வு. வேகத்தடை வந்தால் "மெதுவாங்க" என்று சொல்ல வாய் திறந்துவிடும். ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் வண்டியை நிறுத்தினேன். அவர் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து நீல ரப்பர்த் துண்டுகள் விழுந்தன.

"யாரோ செருப்ப வெட்டி சந்து சந்தா சொருவிகீறாங்கக்கா. இதுக்கெல்லாம் சத்தம் அடங்குமா? இஞ்சின தாங்குற ரப்பர் புஷ் தேஞ்சி கீது."

அது என் செருப்பு. காணவில்லை என்று நான் வீடெல்லாம் தேடி, பக்கத்துத் தெரு நாயைத் திட்டித் தீர்த்த பழைய செருப்பு. செவிடன் என்று நினைத்தேனே, நான் சொன்னது அவர் காதில் விழுந்துதான் இருக்கிறது. தனக்குத் தெரிந்த வைத்தியத்தை என்னிடம் சொல்லாமல் செய்து பார்த்திருக்கிறார். கடை வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

சாயங்காலம் வண்டியை எடுத்தபோது பூனைபோல் வந்தது. ஹாண்டில்பாரில் அதிர்வு இல்லை, வேகத்தடையில் பேச்சு வரவில்லை. எங்கள் தெருமுனை திரும்பியது எனக்கே தெரியவில்லை. கேட் மூடியிருந்தது. பாதிச் சரிவில் காலை ஊன்றிக்கொண்டு ஹாரன் அடித்தேன்.

மாமா மெதுவாக வந்து திறந்தார். முகம் மலரவும் இல்லை, விழவும் இல்லை. "வாம்மா. இன்னிக்கு ட்ரெய்ன்ல கூட்டமா?" என்றார். அப்பாடா என்றிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னை நானாகப் பார்க்கிறார். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய் முகம் கழுவினேன், காபி போட்டேன்.

டம்ளரோடு வந்தால் நாற்காலியில் ஆளைக் காணோம். வாசலில் கேட் திறந்தபடியே கிடந்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நின்றார்.

"கேட்டை சாத்தலையா மாமா? கொசு வருது."

"சாத்தலாம், இரும்மா" என்றார், திரும்பாமல். "அவன் வண்டி சத்தம் இன்னும் கேக்கலியே."

காபியை அவர் கையில் கொடுத்தேன். பக்கத்தில் நின்று நானும் காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன்.