துபாயில் கண்ட எங்கள் லாரி

அப்பா இறந்த பிறகு, அவர் செங்கல் ஏற்றி ஓட்டிய பழைய லாரியைக் களியக்காவிளையில் ஒரு வியாபாரிக்கு விற்றோம். சாமி படம் வண்டியோடு கைமாறக் கூடாது என்று அதைக் கவனமாகக் கழற்றி வந்தேன். பக்கத்தில் ஒட்டியிருந்த அப்பாவின் போட்டோவை மறந்துவிட்டேன். எங்களிடம் அவருடைய வேறு படமே இல்லை. அன்று சாயங்காலமே நினைவு வந்தது. ஆனால், வியாபாரியிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். போனபோது லாரி இல்லை.

ஆண்டுகள் ஓடின. போன மாதம் துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி வீடியோவில் அழைத்தான்.

“எக்கா, இங்க பழைய வண்டி எல்லாம் காட்சிக்கு வச்சிருக்காவ. இதப் பாரு!”

புது மஞ்சள் பெயின்டில் எங்கள் லாரி பளபளத்தது. நெற்றியில் அம்மாவின் பெயர் ‘தங்கம்மை’ அதே எழுத்தில் இருந்தது.

“எம்மா, நீ துபாய் வந்தாச்சு!” என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னேன்.

“பாஸ்போர்ட்டு இல்லாமயா மக்கா?” என்று அம்மா சிரித்தார்.

லாரியின் சொந்தக்காரரான மலையாளி அருகில் நின்றார். பழைய கூச்சம் வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“அண்ணே, உள்ள ஒரு போட்டோ இருந்துதா?”

அவர் கதவைத் திறந்து காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்பா இருந்தார்.

“வண்டியோட ஆளு இவருதானே? எடுத்துக் களைய மனசு வந்தில்ல. அனுப்பித் தரட்டா?” என்றார்.

அம்மா தலையசைத்தார். “வேண்டாம். அவரு வண்டியிலயே இருக்கட்டும். எனக்கு அந்தப் போட்டோவ ஒரு காப்பி எடுத்து அனுப்பினா போதும்.”

இப்போதும் கூச்சம் போகவில்லை. ஆனால், கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டுவிடுகிறேன்.