காவி வால் எலி

சுபானு வருஷம் ஆனி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் எலி புகுந்தது. யுத்த காலம். ஆடியில் விதைக்க ஒரே ஒரு மூட்டை வேர்க்கடலை வைத்திருந்தோம். விலை ஏறியதைப் பார்த்து ஊரில் பெரும்பாலோர் விதைக்கு வைத்ததைக்கூடச் செக்குக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்; கடையில் போய் விதை வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த மூட்டை போனால் எங்கள் மேட்டு நிலம் அந்த வருஷம் தரிசுதான். அதனால் என் கணவர் அதை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

உத்தரத்துக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, அதாவது கணவருடைய தம்பியின் மனைவி, குடியிருந்தாள். ஒரே வீடுதான். பாகப் பிரிவினையின்போது நடுவில் ஒரு மண்சுவர் எழுப்பினார்கள். கூரை இருவருக்கும் பொது என்று எழுதியதால் சுவரைக் கூரை வரைக்கும் ஏற்ற யாரும் செலவு செய்யவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாக அவளுடைய அடுப்புப் புகை வந்தது, அவளுடைய வாய் வந்தது, பிறகு எலியும் வந்தது.

கொன்று போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் என் பிள்ளைக்கு மாசியில் விஷக்காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் மலர்க்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். பிழைத்தான். மாலை போட்டுக்கொண்டேன். மாலை கழுத்தில் இருக்கும்வரை வீட்டில் உயிர்க்கொலை கூடாது. இது தெரிந்த அதே வாரம் அவளும் மாலை போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, மாடு நல்லபடியாகக் கன்று போட்டதற்காம்!

ஆக இரண்டு வீட்டிலும் மரப்பொறி, இரண்டு வீட்டிலும் விரதம். கருவாடு வைக்க முடியாது. தேங்காய்ச் சில்லைச் சுட்டு வைத்தோம். விழுந்த எலியை என் கணவர் தண்டவாளத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். எத்தனை விட்டாலும் குறையவில்லை. ஒருநாள் காலையில் தலைக்கு மேல் ஏதோ கீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரின் மேல் வளையல் போட்ட ஒரு கை, அதில் கதவு திறந்த பொறி. எலி உத்தரத்தில் தாவி ஓடியது. கை மெதுவாக உள்ளே போயிற்று.

நான் சத்தம் போடவில்லை. ஆதாரம் இல்லாமல் அவளிடம் வாய் கொடுப்பது வீண். மறுநாள் எங்கள் பொறியில் விழுந்த எலியைச் சாக்குக்குள் தள்ளி வாலை மட்டும் வெளியே இழுத்தேன். கிருத்திகைக்காகச் சுவரில் பட்டை அடிக்கக் காவி வாங்கி வைத்திருந்தது. அதை எண்ணெயில் குழைத்து வாலில் தடவி, சுவருக்கு அந்தப் பக்கம் விட்டேன். அது திரும்பி வந்தால் யார் அனுப்பியது என்று ஊருக்கே தெரியும்.

அது திரும்பி வந்தது. பொறியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தெருவுக்குப் போனேன். எதிர் வீட்டுக்காரிகள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவளை வெளியே கூப்பிட்டேன்.

"இதப் பாருடி. வாலுல காவி. நான்தான் பூசினேன். உங்கூட்ல விட்டத நீ திரும்ப எங்கூட்டுக்கே அனுப்பிகினு கீற. இல்லேன்னு சொல்லு பாக்கலாம்."

அவள் இடுப்பில் கை வைத்து எலியைப் பார்த்தாள். பிறகு எதிர் வீட்டைப் பார்த்தாள்.

"கேட்டுகினீங்களா எல்லாரும்? எங்கூட்ல எலி வுட்டேன்னு இவங்க வாயாலயே சொல்றாங்க. இன்னாக்கா, அடையாளம் வேற வெச்சி வுட்டியா? காணாமப் போனா தேடி வரலாம்னா?"

"மொதல்ல வுட்டது நீ!"

"ஆங். அதுக்கு நான் காவி பூசலியே."

தெரு சிரித்தது. எதிர் வீட்டுக்காரி ஒருத்தி, "ரெண்டு பேரும் மாலைய கழட்டிட்டு அடிச்சிக்குங்கடி, முருகன் பாக்கறான்" என்றாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அன்றைக்கு அவள் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் அதில் ஒன்றைக்கூட மன்னிக்கவில்லை.

நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி விட்ட எலிகள் எதுவும் எந்த வீட்டுத் தரையிலும் தங்கவில்லை, உத்தரத்திலேயே தங்கிவிட்டன என்பது கிருத்திகை முடிந்த பிறகுதான் தெரிந்தது. காவடி செலுத்திவிட்டு மாலையைக் கழற்றினேன். இரண்டாம் நாள் நல்ல மழை. விதைக்கலாம் என்று கணவர் மூட்டையை இறக்கினார். ஒரு கையாலேயே இறக்கினார். வெளியே பார்க்கச் சாக்கு அப்படியே இருந்தது; கயிறு கட்டிய வாய்ப்பக்கம் மட்டும் ஓட்டை. உள்ளே தொப்பியும், அதாவது கடலையின் வெறும் ஓடும், புழுக்கையும். நல்ல காய் ஒரு முறம்கூடத் தேறவில்லை.

அவளுடைய விதை மண் பூசி மூடிய குதிரில் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவருடைய தம்பி ஒரு கூடை நிறைய விதைக்கடலையோடு வந்து நின்றார். "ஈரம் போறதுக்குள்ள போட்டுடுங்க அண்ணி" என்றார். அவர் நல்ல மனிதர்தான். நான் பதில் சொல்வதற்குள் சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"வாங்கிக்கோக்கா. எலி தின்னா இன்னா, நீ தின்னா இன்னா."

"எடுத்துகினு போங்க. எங்களுக்கு வேணாம்" என்றேன்.

என் கணவர் கூடையைத் தம்பியின் கையிலிருந்து வாங்கினார். "வேணாமா? அப்ப நிலத்துல உன் ரோஷத்தையா வெதைக்கறது?" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அண்ணனும் தம்பியும் மறுநாள் சேர்ந்தே ஏர் ஓட்டினார்கள். அந்த விதையில் ஒரு தொப்பியைக்கூட நான் உடைத்துக் கொடுக்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்து உடைத்தார்கள். மழை தவறாமல் பெய்தது. கார்த்திகையில் பிடுங்கியபோது கொத்துக் கொத்தாகக் காய். வீடெல்லாம் வேகவைத்த கடலை வாசனை. பிள்ளை மடி நிறையக் கொண்டுவந்து எனக்கு நீட்டினான்.

நான் பழைய சோற்றுக்கு உப்பைத் தொட்டுக்கொண்டேன்.